காதால் படிக்கிற வயது

என் மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ராத்திரி ராஜா கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தேன். இளவரசன் குதிரை மேல் ஏறிக் காட்டுக்குச் சென்றான் என்று ஒரு வரி. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, சென்றான்னா செத்துட்டானா?”

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான். கடைக்குப் போனோம், ஊருக்குப் போனோம், மாமா வந்தாங்க, பூனை ஓடிப்போச்சு. ‘சென்றான்’ என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒரு நாளைக்கு ஒரு பீரியட். அதிலும் பாதி எழுத்துப் பயிற்சியிலேயே போய்விடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும். கூட்டி முடித்த பிறகு கிடைத்த சொல்தான் முன்பின் தெரியாத ஆளைப் போல எதிரே நின்றது. புத்தகத்துத் தமிழை அவள் காது அதுவரை கேட்டதே இல்லை.

“எம்பிள்ளை தமிழ்ப் புத்தகத்தத் தொடவே மாட்டேங்கிறான்” என்று குறைப்படாத பெற்றோரை நான் பார்த்தது குறைவு. போனைச் சொல்வார்கள், டிவியைச் சொல்வார்கள், இங்கிலீஷ் மீடியத்தைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். அவற்றுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. நாம் பேசுகிற தமிழுக்கும் அச்சில் இருக்கிற தமிழுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரியவர்கள் தினமும் தாண்டித் தாண்டிப் பழகிவிட்டதால் அது நம் கண்ணில் படுவதில்லை. ஐந்து வயசுக் குழந்தைக்கு அது ஆறு. கையைப் பிடித்து அக்கரை சேர்க்க ஒரு குரல் வேண்டும். அம்மாவின் குரலோ, அப்பாவின் குரலோ, தாத்தாவின் குரலோ, யாருடையதாக இருந்தாலும் சரி.

அதனால் விடுமுறைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கடையிலேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால், மூச்சு முட்டினால், ஒரு வாக்கியத்தை இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தால், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். வாக்கியம் தானாக ஓடி, அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை போனால், அது வீட்டுக்கு வர வேண்டிய புத்தகம். இங்கே நான் சொல்லப்போகிற புத்தகங்கள் அப்படி ஓடுபவை.

பாட்டில் தொடங்கட்டும்

முதல் புத்தகம் பாட்டுப் புத்தகமாக இருந்தால் நல்லது. குழந்தைக்கு இரண்டு வயதா மூன்றா என்று பார்க்க வேண்டாம். ‘மலரும் உள்ளம்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டைச் சீமை ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா, இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதினார். அவருடைய முதல் தொகுப்பு 1944இல் வந்தது. ‘குழந்தைக் கவிஞர்’ என்றால் இன்றைக்கும் அவர்தான். சின்னச் சின்னச் சொல், குதிக்கிற சந்தம், கடைசி வரியில் ஒரு சிரிப்பு. நாலு தடவை படித்துக் காட்டினால் ஐந்தாம் தடவை நாம் வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்த, பிள்ளை முடித்துவிடும். எதுகையும் மோனையும் செய்கிற வேலை அது. அடுத்து வரப்போகிற ஓசையைக் காது முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்கிறது.

பாட்டில் இன்னொரு வசதி. எழுத்துத் தமிழ் அதில் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். ‘ஓடுது’ என்று பேசுகிற பிள்ளை பாட்டில் ‘ஓடுகிறது’ என்று வந்தால் ஏன் என்று கேட்பதில்லை, தாளத்தோடு விழுங்கிவிடுகிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘மலரும் மாலையும்’ தொகுப்பில் இருக்கிற குழந்தைப் பாடல்களும், பாரதியின் பாப்பா பாட்டும் மூன்று தலைமுறையாக இந்த வேலையைத்தான் செய்துவருகின்றன. வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பனும் குழந்தைகளுக்காக எழுதுகிறவர். 2019இல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றார். பாட்டு யூடியூபிலும் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. ஆனால் யூடியூப் மடியில் உட்காரவைத்துக்கொள்வதில்லை.

அடுத்தது படப்புத்தகம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் வந்த மெல்லிய புத்தகங்கள் பல வீடுகளில் இரண்டு தலைமுறை கை மாறியிருக்கின்றன. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் போடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற புத்தகங்களும் உண்டு. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு இவை நன்றாகக் கைகொடுக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசு கொடுக்காமல் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சிட்டும் கொள்ளலாம். மொழிபெயர்ப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. அங்கேயும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிற சோதனைதான் வழிகாட்டி.

படப்புத்தகத்தை வேகமாகப் படித்து முடித்துவிடாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு வரிதான் இருக்கிறது என்று நாம் அவசரமாகப் புரட்டுவோம். பிள்ளை படத்தைப் படித்துக்கொண்டிருக்கும். ஒரு புத்தகத்தை நான் என் மகளுக்குக் குறைந்தது பத்து தடவையாவது படித்திருப்பேன். ஒருநாள் அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஓர் எறும்பு இருந்தது. முதல் பக்கத்தில் வெறுங்கையோடு கிளம்பிய எறும்பு, கடைசிப் பக்கத்தில் ஒரு சர்க்கரைப் பருக்கையோடு புற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓவியர் அடியில் இன்னொரு கதை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எழுத்துத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை.

ராத்திரிக்கு ஓர் அத்தியாயம்

ஆறு வயதிலிருந்து பத்து வரைக்கும் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய ஒரு புத்தகத்தைச் சொல் என்றால், தயங்காமல் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்று சொல்வேன். எழுதியவர் ரஷ்யரான அலெக்சாந்தர் ரஸ்கின். தமிழில் தந்தவர் நா. முகம்மது செரீபு. மாஸ்கோவில் அச்சாகித் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த வழவழப்பான புத்தகங்களை நினைவிருக்கிறவர்களுக்கு இதுவும் நினைவிருக்கும். ரஸ்கினின் மகள் சின்ன வயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டுப் படுத்துவிடுவாள். அவளுக்குப் பொழுதுபோக அப்பா தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னார். வீரதீரக் கதைகள் இல்லை. தான் அசடு வழிந்த கதைகள், அழுத கதைகள், வம்பில் மாட்டிக்கொண்ட கதைகள். அப்படிச் சேர்ந்ததுதான் இந்தப் புத்தகம்.

என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது இதை எடுத்தோம். தலைமாட்டில் வேப்பிலை, பக்கத்தில் இளநீர், இரண்டு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே விளையாட்டும் கிடையாது. ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்கு. முதல் கதையில் அந்த அப்பா, தன்னுடைய அழகான பெரிய பந்தைக் காருக்கு அடியில் எறிகிறார். அடுத்த ராத்திரிக்காகப் பிள்ளை மத்தியானத்திலிருந்தே காத்திருந்தாள். பெரியவனானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் அந்தச் சிறுவன் நாளுக்கொரு பதில் சொல்கிற கதை வந்தது. ராத்திரிக் காவலாளி, ஐஸ்கிரீம் விற்பவர், இன்னும் என்னென்னவோ. ஒருநாள் நாயாகப் போகிறேன் என்கிறான். குரைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். காலைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொள்வதுதான் வரவில்லை. என் மகள் பாயில் படுத்தபடியே முயன்று பார்த்தாள். அம்மைக் கொப்புளம் வலித்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் நாலாம் நாள் உள்ளே வந்துவிட்டார். கதை முடிந்ததும், “உங்கப்பன் சின்னதா இருக்கறப்ப என்ன பண்ணினான்னு சொல்லட்டுமா?” என்றார். பிறகு ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு கதை: ஒன்று மாஸ்கோ அப்பாவுடையது, இன்னொன்று எங்கள் வீட்டு அப்பாவுடையது. கிணற்றுக்குள் பித்தளைச் செம்பைப் போட்டுவிட்டு வைக்கோல் போரில் ஒளிந்துகொண்ட கதையை என் கணவர் அன்றைக்கு வரை எனக்கே சொன்னதில்லை.

சாகசம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு வாண்டுமாமா. ‘ஓநாய்க்கோட்டை’யை ஒரு சிம்னி விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்றைக்குத் தாத்தாக்களாக இருக்கிறார்கள், அவர்களையே பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் பழைய இதழ்கள் யாருடைய பரணிலாவது இருந்தால் தூசி தட்டி இறக்குங்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்துவரும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பதைப் பார்க்கவாவது அது வேண்டும். காமிக்ஸைப் புத்தகமாக மதிக்காத வீடுகள் உண்டு. அது பெரிய தப்பு. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது, 1984இல் லயன் வந்தது, சிவகாசியிலிருந்து வந்த இந்த இதழ்களால் வாசிக்கப் பழகி, பிறகு தீவிரமான வாசகர்களானவர்களை எனக்குத் தெரியும். கட்டத்துக்குள் இருக்கிற பேச்சை ஆளுக்கொரு குரலில் படித்துக் காட்டிப் பாருங்கள். வில்லன் வேஷம் கட்டாயம் அப்பாவுக்குத்தான் கிடைக்கும்.

காது கொடுத்த ஒரு தலைமையாசிரியர்

‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யைப் பிள்ளைகளுக்கு வாங்குங்கள். அதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற தெத்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் மலிவு விலையில் போட்டிருக்கிறது.

சிறுமியாக இருந்த அவர்தான் டோட்டோ-சான். அவளை ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். மேஜைப் பலகையை ஓயாமல் திறந்து திறந்து மூடினாள், ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டாள் என்பதெல்லாம் அவள் செய்த குற்றங்கள். அவள் அம்மா இதை மகளிடம் சொல்லாமல் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். அது டோமோயி. ஓடி முடித்த ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறைகள். தலைமையாசிரியர் கோபயாஷி அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியை அந்தச் சிறுமிக்கு எதிரே இழுத்துப்போட்டுக்கொண்டு, உனக்கு என்ன தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல் என்கிறார். அவள் பேசுகிறாள். ரயிலைப் பற்றி, பழைய பள்ளியில் இருந்த குருவிக்கூட்டைப் பற்றி, வீட்டு நாயைப் பற்றி. சொல்ல இனி ஒன்றும் இல்லை என்று ஆகிற வரைக்கும் நாலு மணி நேரம் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொட்டாவி விடவில்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். நான் என் மகள் பேசுவதை இடையில் அறுக்காமல் கேட்ட மிக நீண்ட நேரம் எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். வாசித்துக் காட்டுவது என்றால் நம் வாய்க்கு மட்டும் வேலை என்று நினைத்திருந்தேன். நடுவில் நிறுத்தி அவள் கேட்கிற கேள்வி, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் அவள் சொல்லத் தொடங்குகிற இன்னொரு கதை, இதெல்லாம் வாசிப்புக்கு இடைஞ்சல் இல்லை. அதுவும் வாசிப்புதான். டோமோயி பள்ளி 1945இல் போர் விமானங்கள் வீசிய குண்டுகளில் எரிந்துபோனது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது பிள்ளை அழுதால் அழட்டும். அவசரமாகச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

பத்து வயதுக்கு மேல் ‘குட்டி இளவரசன்’. 1943இல் வந்த பிரெஞ்சுப் புத்தகம். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேராகப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார்கள், க்ரியா வெளியிட்டது. யானையை விழுங்கிய மலைப்பாம்பைப் பெரியவர்கள் தொப்பி என்று சொல்கிற முதல் பக்கங்களைச் சின்னப் பிள்ளைக்கும் படித்துக் காட்டலாம். மீதிக்கு ஒரு தனிமை வேண்டும். அதைப் பிள்ளையே தனியாகப் படிக்கட்டும்.

இன்றைக்கு எழுதுகிறவர்கள்

தமிழில் இப்போது குழந்தைகளுக்கு எழுத ஆளில்லை என்பது பெரியவர்கள் தேடிப் பார்க்காமல் சொல்கிற பேச்சு. சாகித்ய அகாடமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று தனி விருது கொடுக்கிறது. தமிழுக்கு வந்த விருதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது. கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் விருது வாங்கியது. கீழடி மண்ணுக்குள் இருக்கிற காலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற கதை. அதைப் படித்துவிட்டு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் பானை ஓடு பானை ஓடாகத் தெரியாது. 2024இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. விழியனின் ‘பென்சில்களின் அட்டகாச’த்தில் பென்சில்கள்தாம் கதைமாந்தர்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே படித்து முடிக்கக்கூடிய புத்தகம். எஸ். ராமகிருஷ்ணனின் ‘ஏழு தலை நகரம்’ கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு.

இரண்டு புத்தகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் விருது பெற்றது. ஒரு மரப்பாச்சி பொம்மை பேசத் தொடங்குகிறது. பெரியவர்களின் தவறான தொடுதலைப் பற்றி, அதைச் சொல்ல முடியாமல் பிள்ளைகள் மென்று விழுங்குவதைப் பற்றி, பயமுறுத்தாமல் அந்தக் கதை பேசுகிறது. பெற்றோர் சொல்ல நினைத்துத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிற விஷயம் இது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படித்தால், பேச்சை நாம் தொடங்க வேண்டியதில்லை, மரப்பாச்சியே தொடங்கிவைத்துவிடும். இன்னொன்று விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதி அடையாளமாக ஏறும் கயிற்றைப் பற்றிய குட்டிப் புத்தகம். அரைமணி நேரத்தில் படித்துவிடலாம். பிள்ளை கேட்கப்போகிற கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தயாராக இருந்துகொண்டு படியுங்கள்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைச் சின்னப் பிள்ளைகளின் பட்டியலில் சிலர் சேர்க்கிறார்கள். கேள்வி கேட்டே அடிவாங்கிய ஒரு மாணவியின் கதை அது. முடிவு நெஞ்சை அறுக்கும். அது ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்க வேண்டிய கதை. பிள்ளைகளுக்கு அவருடைய ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ இருக்கிறது. வேதாளம் இங்கே அறிவியல் கேட்கும். கதை வேண்டாம், எப்படி, ஏன் என்று தெரிந்தால் போதும் என்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’ மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். தன் பெயருக்குத் தபாலில் ஒரு புத்தகம் வருவதன் பெருமை வேறு எதிலும் இல்லை. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக வந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தகவல்கள் பல இடங்களில் பழசாகிவிட்டன. அந்தத் தமிழ் பழசாகவில்லை.

கடைசி வரியில் ஒரு கேள்வி

‘இக்கதையால் அறியப்படும் நீதி யாது?’ என்று முடிகிற தொகுப்புகள் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. பஞ்சதந்திரம், ஈசாப், தெனாலிராமன், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டம் போட்டு நீதி எழுதியிருப்பார்கள். அவற்றை வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நரி ஏமாந்த கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்த பிள்ளையிடம், சிரிப்பு அடங்குவதற்குள் பரீட்சைக் கேள்வி கேட்டால், அடுத்த கதையைச் சிரிக்காமல் ஜாக்கிரதையாகக் கேட்கத் தொடங்கிவிடும். கதைக்குள்ளே இருக்கிற நியாயம் பிள்ளைக்குத் தெரியும். நாம் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டியதில்லை.

குஜராத்தில் 1930களில் கிஜுபாய் பதேகா எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் ஒரு வாத்தியார் புதிதாக வகுப்புக்குப் போகிறார். முதல் நாள் அவர் வைத்திருந்த திட்டமெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் அடிபட்டுப் போகிறது. மறுநாள் போய்க் கதை சொல்கிறார். வகுப்பு அடங்கிவிடுகிறது. பிறகு கதையிலிருந்தே புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து வகுப்பு நூலகத்துக்கும் பிள்ளைகள் தாமாகவே நகர்கிறார்கள். ஆசிரியர்களுக்கென்று எழுதியது, ஆனால் வீட்டிலும் அப்படியே நடக்கும்.

என் மகள் முதலில் படித்த பள்ளியில் நூலகம் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினார்கள். கண்ணாடி பீரோ, உள்ளே வரிசையாகப் புத்தகங்கள், பீரோவில் பூட்டு. பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். கிழியட்டுமே! நூறு பேர் புரட்டிக் கிழிந்த புத்தகத்தைவிடப் பூட்டிவைத்துப் பழுப்பேறின புத்தகம்தான் வீண். அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் குட்டிப் புத்தகங்களை வயசு போட்டுப் பிரிக்காமல் நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ‘நுழை’யில் தொடங்கலாம்; கேவலமில்லை. வீட்டுக்கும் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

காசு ஒரு தடையாக வேண்டாம். இங்கே சொன்னவற்றில் பல, ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குள் வருபவை. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் ஸ்டால்களைப் புத்தகக் காட்சியில் முதலில் பாருங்கள். கால் ஓய்ந்த பிறகு பிள்ளைகளை அங்கே இழுத்துப்போகக் கூடாது. சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகிற மாதிரி ஒருதடவை போய்வாருங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரி எது என்று நூலகரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அந்த அலமாரி நிறையும்.

பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டால் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நிறுத்தாதே என்றேன். அவர்களால் தனியாகப் படிக்க முடிகிற புத்தகத்துக்கு எப்போதும் ஒரு படி மேலே இருக்கிற புத்தகம் ஒன்று உண்டு. அதற்கு நம் குரல் வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது அப்படி ஓடிக்கொண்டிருப்பது கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. பறவைகள் மேல் பித்துக்கொண்ட ஒரு கரிசல்காட்டுச் சிறுவனின் கதை. மகளுக்குப் பத்து வயது. நான் படித்துக் காட்டத்தான் எடுத்தேன். மாமியாருக்குக் கண்ணில் புரை எடுத்து, கொஞ்ச நாள் டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகள் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பாட்டிக்குப் படித்துக் காட்டத் தொடங்கினாள். மாமியாருக்கும் கரிசல் பக்கம்தான். பாதிப் பக்கத்துக்கு ஒருதரம் கையை உயர்த்தி நிறுத்துவார்.

“இரு, இரு. எங்க காட்டுல எத்தனை இருக்கும் தெரியுமா? எழுதிக்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் பென்சிலால் பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். கௌதாரி. காடை. கரிச்சான். அதன் பக்கத்திலேயே, ‘ரெட்டைவால் குருவியும் இதுதான்’. தூக்கணாங்குருவி. மீன்கொத்தி. காட்டுப்புறா. இன்னும் சில. பதினோராவது பறவைக்கு மட்டும் பாட்டிக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை. சாயங்காலமானால் வேலிமேல் வந்து உட்காரும், வால் இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினாராம். பதினொன்று என்று நம்பர் போட்டு, அந்த இடத்தில் நீளமாக ஒரு வாலை மட்டும் வரைந்து வைத்திருக்கிறாள்.